நடந்தது, ஆகவில்லை

1

அந்த விண்ணப்பத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. மணமாகாதவர், மணமானவர், விவாகரத்தானவர், துணையை இழந்தவர். வேறொரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கான விண்ணப்பம் அது. பெயர், பிறந்த தேதி, பி.எட். முடித்த வருடம் எல்லாவற்றையும் அக்கா கடகடவென்று எழுதிவிட்டாள். இந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

“இதுல நான் எதுடா?”

நான் யோசிக்கவேயில்லை. “மணமாகாதவர். தீர்ப்புல அப்படித்தான இருக்கு.”

“அப்போ என் கல்யாணத்துல பந்திக்கு எல போட்டது யாரு?”

சிரித்தாள். நானும் சிரித்தேன். முந்நூறு பேர் சாப்பிட்ட பந்தி. நான்தான் இலை போட்டேன். இரண்டாம் பந்தியில் ரசம் தீர்ந்துபோய் சமையல்காரரிடம் சண்டை போட்டதும் நான்தான். அதெல்லாம் நடந்தது. நீதிமன்ற முத்திரை போட்ட ஒரு தாளின்படி அந்தக் கல்யாணம் மட்டும் ஆகவில்லை.

ஒரு விஷயம் நடந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது, அது நடக்கவில்லை என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? அப்படிச் சொல்லிக்கொள்வது எப்போது நியாயம், எப்போது பொய்? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். பெயர்களும் தேதிகளும் இதில் இருக்காது.

2

ஓர் ஆவணியில் கல்யாணம். பங்குனியில் திரும்பி வந்துவிட்டாள். நான்காவது மாதம் ஒரு ராத்திரி அத்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார்: “என்னால முடியல. ஒம்மேல ஒரு தப்பும் கெடையாது. வீட்ல சொல்லத் தைரியம் இல்லாம சரின்னுட்டேன்.” காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நான் ஒன்றை யூகித்தேன். இன்னொருவருடைய வாழ்க்கையைப் பற்றிய என் யூகத்தை எழுத எனக்கு உரிமை இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். அவர் கெட்டவர் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம். அந்த ஏழு மாதமும் தினம் காலையில் அவள் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தது அவர்தான்.

வக்கீலம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். எங்களை உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

“மூணு வழி இருக்கும்மா. ஒண்ணு, ரெண்டு பேரும் சேர்ந்து கேக்குற விவாகரத்து, 13பி. ஒரு வருஷம் பிரிஞ்சிருக்கணும். மனு போட்டப்புறம் இன்னொரு ஆறு மாசம். அந்த ஆறு மாசத்தக் கொறைக்கலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ஆனா அது ஜட்ஜ் கையில. ரெண்டாவது, அந்தப் பையன் மேல குத்தம் சொல்லித் தனியா விவாகரத்து. கல்யாணம் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள போடணும்னா தனியா அனுமதி வாங்கணும். மூணாவது 12ஆவது பிரிவு, நல்லிட்டி. அதுக்கு ஒரு வருஷக் கணக்கே கிடையாது. தீர்ப்பு கெடச்சா, நீ கல்யாணமே ஆகாதவ.”

கடைசி வாக்கியத்தில் அம்மா நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டாள்.

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் இரண்டு வகையான ‘இல்லை’களை வைத்திருக்கிறது. 11ஆம் பிரிவில் வருபவை தொடக்கத்திலிருந்தே செல்லாத திருமணங்கள்: கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கும்போது செய்த இரண்டாவது திருமணம், விலக்கப்பட்ட உறவுக்குள் செய்த திருமணம் போன்றவை. 12ஆம் பிரிவில் வருபவை வேறு மாதிரி. இயலாமையால் உறவே நிகழாமல் போனது, மனநலம் காரணமாகச் சரியான சம்மதம் கொடுக்க முடியாத நிலை, மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய சம்மதம், மணநாளிலேயே பெண் வேறொருவரால் கருவுற்றிருந்தது. இவை யாராவது கேட்கும்வரை செல்லும். பாதிக்கப்பட்டவர் போய்க் கேட்டு, தீர்ப்பும் வந்துவிட்டால், முதல் நாளிலிருந்தே செல்லாது. ஏமாற்று, மிரட்டல் என்றால் அது தெரிந்த அல்லது விலகிய ஓராண்டுக்குள் கேட்டாக வேண்டும்.

விவாகரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அம்மா கேட்டபோது, பணத்தை வைத்துச் சொன்னேன். 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி நம் கையிலிருந்த 500 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அதுவரை அது பணம்தான். அது விவாகரத்து. ஒரு கள்ளநோட்டைக் கடைக்காரர் விளக்கில் தூக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறார். அது என்றைக்குமே பணமாக இருந்ததில்லை. அது நல்லிட்டி.

“கள்ளநோட்டுன்னு தெரியாம அதக் குடுத்து அரிசி வாங்கிச் சாப்பிட்டாச்சுன்னா?” என்று அக்கா கேட்டாள். அம்மா அவளை முறைத்தாள்.

மூன்று பேரும் ஒரே தாளைத்தான் கேட்டோம், மூன்று காரணங்களுக்காக. அம்மாவுக்கு அது மறைப்பதற்கு. “வாழமரத்துக்குத் தாலி கட்டி வெட்டிட்டோம்னு நெனச்சுக்கிடுவோம்” என்றாள். எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அக்காவின் ‘மார்க்கெட்’ விழாமல் இருப்பதற்கு. விவாகரத்து ஒரு களங்கம் இல்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதியவன்தான் நான். என் வீட்டுக்கு வந்ததும், அந்தக் களங்கம் நிஜம் என்று ஒத்துக்கொண்டு அதிலிருந்து தப்பிக்கும் வழியைத் தேடினேன். கொள்கையைச் சோதித்துப் பார்க்க அக்காவின் வாழ்க்கை ஆய்வுக்கூடம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை, பாதி சௌகரியம்.

அக்காவின் காரணம்தான் எனக்குப் புரிய நாளானது. “விவாகரத்துன்னா ஏதோ ஒண்ணு இருந்து முடிஞ்சதுன்னு அர்த்தம். எனக்கு அது இருந்ததே இல்லடா. முடிஞ்சுதுன்னு எழுதுனாத்தான் பொய்.”

3

மனுவை நான்தான் டைப் செய்தேன். கோர்ட் வாசலில் டைப்பிங் கடைகள் இருந்தாலும், இதை ஊர்க்காரர் யாரும் படிக்க வேண்டாம் என்று அம்மா நினைத்தாள். எனக்குத் தமிழ்த் தட்டச்சு தெரியும். வக்கீலம்மா கையால் எழுதிக் கொடுத்த பக்கங்களை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன்.

எந்த ஊரில் கல்யாணம், கடைசியாக எங்கே சேர்ந்து குடியிருந்தார்கள், இந்த நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்க ஏன் அதிகாரம் இருக்கிறது என்று பத்தி பத்தியாகப் போகும். கடைசியில் ‘கோரும் பரிகாரம்’ என்று ஒரு தலைப்பு வரும். மனுதாரர் நீதிமன்றத்திடம் என்ன கேட்கிறாரோ, அது அங்கே வரும். அம்மா செவ்வாய் தோஷத்துக்குக் கோயிலில் கேட்பதும் பரிகாரம், வக்கீலம்மா கோர்ட்டில் கேட்பதும் பரிகாரம். அந்த நேரத்தில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

ஆவணப் பட்டியலைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். திருமண அழைப்பிதழ் அசல், தாலி கட்டும் புகைப்படம், மண்டப ரசீது, இருவரின் ஆதார் நகல். கல்யாணம் இல்லை என்று வாங்குவதற்கு, முதலில் கல்யாணம் நடந்தது என்று சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ஆல்பத்திலிருந்து அந்தப் படத்தை உருவி எடுத்தது நான். அதில் நானும் இருக்கிறேன், பின்வரிசையில், கையில் அட்சதையோடு.

பிறகு அந்தப் பத்தி வந்தது. “எதிர்மனுதாரர் ஆண்மையற்றவர்.”

விரல்கள் நின்றுவிட்டன. ‘இம்பொட்டன்ஸ்’ என்று சட்டம் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எழுதும்போது என்ன ஆகிவிடுகிறது பாருங்கள். சட்டம் ஓர் இயலாமையைப் பற்றிப் பேசுகிறது. தமிழ்ச் சொல் ஓர் ஆளையே இல்லையென்று ஆக்குகிறது. வள்ளுவர் ‘பேராண்மை’ என்ற சொல்லைப் பிறன்மனை நோக்காதவனுக்குக் கொடுத்திருக்கிறார். படுக்கையறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தால், நாலு மாதம் கழித்தாவது ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து ‘தப்பு என்னுடையது’ என்று சொன்ன மனுஷனிடம் இல்லாதது எது?

இன்னொரு சிக்கலும் இருந்தது. தமிழில் ‘முடியாது’ வேறு, ‘மாட்டேன்’ வேறு. இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவுக்கு ‘முடியாது’ மட்டும்தான் தெரியும். ஒருவர் ‘மாட்டேன்’ என்றால், அதற்கு அந்தப் பிரிவில் இடம் இல்லை. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 25ஆம் பிரிவில், எதிர்த்தரப்பு வேண்டுமென்றே மறுத்ததால் உறவு நிகழவில்லை என்பதே போதுமான காரணம். பதிவு அலுவலகத்தில் அந்தச் சட்டப்படி கல்யாணம் செய்தவர் ‘மாட்டேன் என்றார்’ என்று எழுதலாம். மண்டபத்தில் தாலி கட்டிக்கொண்டவர் ‘முடியாதவர்’ என்றுதான் எழுத வேண்டும். அத்தான் சொன்ன ‘முடியல’ இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தச் சொல்லு வேண்டாம். இதப் போட்டாத்தான் கெடைக்கும்னா எனக்கு நல்லிட்டியே வேண்டாம்.”

மறுநாள் வக்கீலம்மாவிடம் போனோம். முதலில் அவருக்குக் கோபம். செக்‌ஷனில் இருப்பது மனுவில் இருக்க வேண்டும் என்றார். பிறகு யோசித்து, ஒரு வழி சொன்னார். உடலோ மனமோ, எந்தக் காரணத்தால் என்றாலும் உறவு நடைமுறையில் சாத்தியமில்லாமல் போவதே இயலாமை என்று உச்ச நீதிமன்றம் 1969இலேயே ஒரு வழக்கில் விளக்கியிருக்கிறது. ஒருவருக்கு மற்ற எல்லாம் சரியாக இருந்தும், குறிப்பிட்ட அந்தத் துணையிடத்தில் மட்டும் இயலாமல் போவதையும் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. கடைசியில் இப்படி எழுதினோம்: “எதிர்மனுதாரர் மனுதாரரிடத்தில் தாம்பத்திய உறவு கொள்ள இயலாத நிலையில் இருந்தார், இருந்து வருகிறார்.”

‘மனுதாரரிடத்தில்’. இந்த ஒரு சொல்லைச் சேர்க்க இரண்டு நாள் ஆனது. கோர்ட்டுக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை. யாரும் படிக்காத ஒரு ஃபைலில், தன்னைக் காயப்படுத்திய ஒருவரைப் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு மட்டும் சொல்வது என்று அக்கா முடிவு செய்தாள். அறம் என்று பெரிதாகப் பேசும்போதெல்லாம் எனக்கு இப்போது இந்த ஒற்றைச் சொல்தான் ஞாபகம் வருகிறது.

4

மனு தாக்கல் ஆனது. மூன்று நகல், கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப், வக்காலத்து, நோட்டீஸ் போக பேட்டா. எதிர்த்தரப்பு வழக்காடினால் என்ன ஆகும் என்று வக்கீலம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். திருமண வழக்குகளில் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2003இல் சொல்லியிருக்கிறது. “அவர அனுப்பச் சொல்லி நாம கேட்டா, ஒன்ன அனுப்பச் சொல்லி அவங்க கேப்பாங்க.” அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

நோட்டீஸ் போன வாரம் எனக்கு ஒரு ஃபோன் வந்தது.

“மாப்ளே, நாந்தான். பேப்பர் வந்துச்சு. நான் வரல. வக்கீலும் வைக்கல. அவட்ட சொல்லிரு.”

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. ‘சரி அத்தான்’ என்று சொல்லியிருப்பேன்.

விஷயம் இதுதான். மனுவின் கடைசிப் பகுதியில் நான் ஏற்கெனவே டைப் செய்த ஒரு வரி இருந்தது: இந்த மனு எதிர்மனுதாரருடன் கூட்டுச் சேர்ந்து தாக்கல் செய்யப்படவில்லை. 11ஆம் பிரிவு மனுவைத் தவிர, இந்தச் சட்டப்படி போடும் மனுக்களில் இந்த உறுதிமொழி கட்டாயம். அப்படிக் கூட்டு இல்லை என்று நீதிமன்றமும் திருப்தியடைய வேண்டும். நாங்கள் அவரோடு பேசி வைத்துக்கொண்டு எதையும் செய்யவில்லை. நாங்கள் எழுதியதும் பொய் இல்லை. இருந்தாலும், ஒருவர் ஃபோன் செய்து ‘நான் எதிர்க்க மாட்டேன்’ என்கிறார், இன்னொருவர் ‘சரி’ என்கிறார். இதற்கு என்ன பெயர்? சட்டப்படி அது கூட்டு இல்லை என்றார் வக்கீலம்மா. எனக்கு இன்றுவரை முழுசாக நிம்மதி இல்லை.

அது பெருந்தன்மையா, பயமா? கூண்டில் ஏறினால் தன்னைப் பற்றிக் கேள்வி வரும் என்றுகூட வராமல் இருந்திருக்கலாம். இரண்டுமாக இருந்திருக்கலாம். அவர் காரணம் எதுவானாலும், அக்காவுக்குக் கிடைத்த தாளின் விலையில் ஒரு பங்கை அவர் கொடுத்திருக்கிறார். தன்னைப் பற்றி எழுதப்பட்ட ஒரு வரிக்குப் பதில் சொல்லும் உரிமையை விட்டுக்கொடுத்தார்.

எக்ஸ்பார்ட்டி ஆனது. டவாலி மூன்று முறை அவர் பெயரைக் கூப்பிட்டார். வராந்தாவில் யாரும் திரும்பவில்லை. இந்த மாதிரி வழக்குகளை மூடிய அறையில்தான் விசாரிப்பார்கள், அதனால் நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். பன்னிரண்டு நிமிஷத்தில் அக்கா வெளியே வந்தாள்.

“என்ன கேட்டாங்க?”

“எத்தனை நாள் சேர்ந்து இருந்தீங்கன்னு. இருநூத்திப் பதினோரு நாள்னேன்.”

எண்ணி வைத்திருக்கிறாள்.

தூத்துக்குடிக்கார நண்பன் ஒருவன் சொல்லித்தான் எனக்கு இது தெரிந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் திருமண நீதிமன்றத்தில், திருமணப் பிணைப்பின் பாதுகாவலர் என்று ஒருவர் இருப்பார். 1741இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஏற்படுத்திய பதவி. கணவன், மனைவி இருவருமே ‘இது கல்யாணமே இல்லை’ என்று ஒத்துக்கொண்டாலும், இல்லை, இது செல்லும் என்பதற்கு என்னென்ன சொல்ல முடியுமோ அதையெல்லாம் எடுத்துச் சொல்வது அவர் வேலை. (திருச்சபை தருகிற தீர்ப்பு இந்தியாவில் சிவில் திருமணத்தைக் கலைக்காது, கோர்ட்டுக்கும் போக வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நண்பனின் குடும்பம் இரண்டு இடத்துக்கும் அலைந்தது.) எங்கள் கோர்ட்டில் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் அப்படி யாரும் இல்லை. டிபன் பாக்ஸ் கழுவியதை யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. வழக்குக்கு அது தேவைப்படவில்லை.

5

தீர்ப்பு வர, மனு போட்டதிலிருந்து பதினான்கு மாதம் ஆனது. நகலுக்கு மனுப் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, குமாஸ்தாவைப் பார்த்து வாங்கினோம். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

அதன் பிறகு இந்தச் சட்டத்தை நிறைய வாசித்தேன். என்னை ஆச்சரியப்படுத்தியது, ‘இது நடக்கவில்லை’ என்று சொல்கிற அதே சட்டம் தான் சொன்னதை முழுசாக நம்பவில்லை என்பதுதான். 16ஆம் பிரிவைப் பாருங்கள். செல்லாத திருமணத்தில் பிறந்த குழந்தையும், தீர்ப்பால் செல்லாமல் போன திருமணத்தில் பிறந்த குழந்தையும் சட்டப்படியான குழந்தைகளே. கல்யாணம் இல்லை, ஆனால் அந்தக் கல்யாணத்தின் பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பெற்றோருக்கு வரவேண்டிய பங்கிலும் உரிமை உண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. செல்லாத திருமணம் என்று தீர்ப்பானாலும், நிலைமையைப் பொறுத்து, துணைக்கு நிரந்தர ஜீவனாம்சம் தரலாம் என்று 2025இல் சொன்னது. கள்ளநோட்டு கொடுத்து வாங்கிய அரிசி வயிற்றுக்குள் போய்விட்டது என்று சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது.

எதிர்த்திசையில் ஒரு கதை நம்மிடமே இருக்கிறது. 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த முதல் சுயமரியாதைத் திருமணத்துக்குப் பிறகு, புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் எத்தனையோ பேர் கல்யாணம் செய்துகொண்டார்கள். குழந்தை பெற்றார்கள், குடும்பம் நடத்தினார்கள். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு திருமணம் செல்லாது என்றது. பிறகு 1967இல் அண்ணாவின் அரசு கொண்டுவந்த திருத்தத்தால் 7ஏ பிரிவு வந்தது. அது இனிமேல் நடப்பவற்றுக்கு மட்டும் இல்லை. ஏற்கெனவே நடந்தவையும் நடந்த நாளிலிருந்தே செல்லும். பாட்டி தாத்தா ஆனவர்கள் ஒரு நாள் காலையில், தங்கள் கல்யாண நாளிலிருந்தே கல்யாணமானவர்கள் ஆனார்கள். அவர்களைப் பொறுத்தவரை என்ன மாறியது? அவர்களுக்கு எப்போதும் தெரிந்த ஒன்றை அரசாங்கம் தாமதமாகத் தெரிந்துகொண்டது, அவ்வளவுதான்.

இன்னும் பின்னால் போனால் தொல்காப்பியம். உலகத்தில் பொய் புகுந்த பிறகுதான் பெரியவர்கள் கரணத்தை, அதாவது மணச்சடங்கை, ஏற்படுத்தினார்கள் என்று கற்பியல் சொல்கிறது. பின்னால் ஒருவன் ‘இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக உண்டானதுதான் சடங்கு. நம் முதல் கல்யாண ஆவணமே மறுப்புக்கு எதிரான ஆவணம். அகநானூற்றின் 256ஆம் பாட்டில் கள்ளூரில் ஒரு வழக்கு வருகிறது. ஒரு பெண்ணோடு பழகிவிட்டு ‘இவளை அறியேன்’ என்று சத்தியம் செய்கிறான் ஒருவன். அவை சாட்சியை விசாரித்து உண்மையைக் கண்டுபிடிக்கிறது. அவனை மரத்தில் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். அந்தக் காலத்து அவையின் வேலை, நடந்ததை நடந்ததென்று சொல்வது. நாங்கள் இன்னொரு அவைக்குப் போய், நடந்ததை இல்லையென்று எழுதி வாங்கி வந்தோம்.

அப்படியென்றால் நாங்களும் அந்தக் கள்ளூர்க்காரனும் ஒன்றா? சில நாள் எனக்குத் தூக்கம் வராத கேள்வி இது. ‘பரிகாரம்’ என்ற சொல்தான் அதிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது. கள்ளூர்க்காரன் கேட்டது பரிகாரம் இல்லை. ஒரு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் தப்பிக்க, அவன் நடந்த செய்தியையே மாற்றிச் சொன்னான். நீதிமன்றம் அக்காவுக்குக் கொடுத்தது ஒரு செய்தி இல்லை. இந்த 211 நாட்களை வைத்து இனி உன்னை யாரும் கட்டிப்போட முடியாது என்ற விடுதலை. அதை ‘நடக்கவில்லை’ என்ற வடிவத்தில் கொடுத்தார்கள், ஏனென்றால் சட்டத்திடம் இருந்த வடிவம் அது. பரிகாரம் வாங்கியவருக்கு அதைப் பயன்படுத்த உரிமை உண்டு. அதையே செய்தியாக, உண்மை கேட்க உரிமையுள்ள ஒருவரிடம் கொண்டுபோய்ச் சொல்ல உரிமை இல்லை. அங்கே சொன்னால் கள்ளூர்க்காரன் ஆகிவிடுவோம்.

அந்த ஒருவர் யார் என்பதுதான் கஷ்டமான இடம்.

6

தீர்ப்பு வந்து எட்டு மாதம் கழித்து ஒரு வரன் வந்தது. நாகர்கோவில் பக்கம், பேங்க் வேலை.

“கோர்ட்டே இல்லன்னு சொல்லியாச்சு. நீ எதுக்கு இருக்குன்னு சொல்லணும்?” என்றாள் அம்மா. அம்மாவைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு வருஷம் எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகாமல் இருந்தவள் அவள். பக்கத்து வீட்டுக்காரி “பொண்ணு எங்க, இங்கதான் இருக்காளா?” என்று கேட்கும்போதெல்லாம் பதில் சொன்னவள் அவள்.

நான் வக்கீலம்மாவிடம் ஃபோனில் கேட்டேன். அவர் சிரித்தார். “தம்பி, முதல் கல்யாணத்த மறைச்சு ரெண்டாவது பண்ணா, அதையே மோசடின்னு சொல்லி நல்லிட்டி கேட்டு வந்த கேஸ் எத்தனையோ உண்டு. முக்கியமான விஷயத்த மறைச்சு வாங்குன சம்மதம் சம்மதமே இல்லன்னு கோர்ட்டு ஏத்துக்கிட்டதும் உண்டு. உங்ககிட்ட இருக்கற தீர்ப்ப வெச்சு வாதாடலாம். ஆனா எதுக்கு அந்த வம்பு?”

யோசித்துப் பாருங்கள். முதல் கல்யாணத்தை இல்லையென்று ஆக்கிய தாளை நம்பி வாயை மூடிக்கொண்டால், அதே 12ஆம் பிரிவு இரண்டாவது கல்யாணத்தையும் இல்லையென்று ஆக்க வரலாம்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் மாறியது. “கேஸ் வரும்னு பயந்து சொல்றதா? அவரு நாலு மாசம் கழிச்சுச் சொன்னாரு. அந்த நாலு மாசம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நான் அத இன்னொருத்தருக்குச் செய்யவா?”

அன்றைக்கே அந்த பேங்க்காரரிடம் ஃபோனில் சொல்லிவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். வெளியே கேட்டது ஒரே ஒரு வரிதான்: “அவரப் பத்தி நான் தப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீங்களும் கேக்காதீங்க.” வரன் அமையவில்லை. ஜாதகம் சரியில்லை என்று தரகர் மூலம் சொல்லியனுப்பினார்கள். அம்மா மூன்று நாள் அக்காவோடு பேசவில்லை. நான் நடுவில் நின்றுகொண்டு, இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அம்மாவின் பக்கம் இருந்தது வலி. அதை நியாயம் என்று நான் தப்பாகப் படித்துவிட்டேன்.

உங்களில் சிலர் கேட்பீர்கள்: அப்படியென்றால் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டியதுதானே, இதில் மறைக்க என்ன இருக்கிறது? அதுவும் சரியில்லை என்றே எனக்குப் படுகிறது. பக்கத்து வீட்டுக்காரி கேட்பது உண்மைக்காக இல்லை. அவளுக்கு அக்கா எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. தன் வாழ்க்கையை அக்காவோடு சேர்த்துக்கொள்ளப் போகிறவர் கேட்பது வேறு. உண்மை என்பது எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுக்க வேண்டிய பாக்கி இல்லை. அந்தப் பதிலை நம்பி யார் என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

7

போன கார்த்திகையில் திருநெல்வேலி புதிய பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கோவை பஸ் நிற்கும் பக்கம், தோளில் ஒரு பை. கொஞ்சம் மெலிந்திருந்தார். யோசிப்பதற்கு முன்னால் வாயில் வந்துவிட்டது.

“அத்தான்.”

திரும்பினார். ஒரு நொடி எதுவும் சொல்லவில்லை. பிறகு, “நல்லாருக்கியா தம்பி?” என்றார்.

மாப்ளே என்று சொல்லவில்லை. அவர் தீர்ப்பை மதித்தார், நான் மீறிவிட்டேன். டீ குடித்தோம். அக்காவைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டார், ஸ்கூலுக்குப் போகிறாளா என்று. போகிறாள் என்றேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையைத் தூக்கினார். மனுவில் ‘மனுதாரரிடத்தில்’ என்று ஒரு சொல் இருந்ததைக் கவனித்தாரா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். “நீ என்னன்னு கூப்ட?” என்று கேட்டாள். சொன்னேன். “சரிதான்” என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

அதற்கடுத்த வாரம்தான் அந்த விண்ணப்பம். நான்கு கட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில் ‘மணமாகாதவர்’ என்பதில் டிக் போட்டாள். எனக்கு இப்போது அதில் பொய் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவள் கணக்குச் சொல்லிக்கொடுப்பாளா என்று தெரிய வேண்டும். இந்தக் கட்டத்தை எதற்குக் கேட்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அவர்களுக்குச் சட்டத்தின் பதில் போதும்.

விண்ணப்பத்தை மடித்துக் கவரில் போட்டுவிட்டு, ஆல்பம் எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். தாலி கட்டும் படம் இருந்த இடம் காலியாக இருந்தது. அந்தப் படம் கோர்ட் ஃபைலில் இருக்கிறது. ஆவணத்தைத் திரும்ப வாங்க ஒரு மனுப் போட்டால் கொடுப்பார்கள், போடட்டுமா என்றேன்.

“போடு” என்றாள். “அதுல நீ இருக்கல்ல.”